அர்வஸ்ட்லிக்கு என்ன நிறம் அடிப்பது?

கேள்வி, பிப்ரவரி 9
1270களின் வேல்ஸ் வரைபடம் இரண்டு கிடைத்தது. ஒன்றில் நடுவில் இருக்கும் அர்விஸ்ட்லி, வடக்கே இருந்த க்வினெத் அரசின் பச்சையில் இருக்கிறது. இன்னொன்றில் கிழக்கே இருந்த பொவிஸ் அரசின் சிவப்பு. எது தப்பு?

பிப்ரவரி 9, இரவு
இரண்டுமே தப்பில்லை. ஆண்டு போடாததுதான் தப்பு. 1273 என்றால் சிவப்பு, 1275 என்றால் பச்சை, 1278 என்றால் மறுபடி சிவப்பு. ஐந்தே வருடத்தில் இரண்டு தடவை கை மாறிய இடம் அது.

என்னைக் கேட்டால் நியாயப்படி அது க்வினெத்துக்குத்தான். திருச்சபை எல்லையைப் பாருங்கள். பாங்கர் மறைமாவட்டம் வடமேற்கு மூலையில் இருக்கிறது, க்வினெத் அரசர்களின் மறைமாவட்டம். அர்விஸ்ட்லி அதிலிருந்து அறுந்து விழுந்த துண்டு போல நடு வேல்ஸில் தனியாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் செயின்ட் அசாஃப், இன்னொரு பக்கம் செயின்ட் டேவிட்ஸ். நடுவில் இந்தத் தீவு மட்டும் பாங்கரைச் சேர்ந்தது. அரசன் மாறலாம், கணக்குப்பிள்ளை மாறலாம், ஆயருக்குப் போகும் வரி அவ்வளவு சுலபத்தில் வழி மாறாது. பழைய உரிமை யாருடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிப்ரவரி 10
இடம் எங்கே என்று தெரியாதவர்களுக்கு. செவெர்ன் ஆறு பும்லுமோன் மலையில் பிறக்கிறது. 752 மீட்டர் உயரம், நம் கண்ணுக்கு மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வை ஆறும் அதே மலையில்தான், சில கிலோமீட்டர் தள்ளி. செவெர்ன் 354 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கிறது. அதன் முதல் முப்பது நாற்பது கிலோமீட்டரும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளும்தான் அர்விஸ்ட்லி. லானிட்லோய்ஸ், லான்டினம், கயர்சூஸ், ட்ரெவெக்லூயிஸ், கார்னோ எல்லாம் இதற்குள்.

இது ஒரு காந்த்ரெவ். 'காந்த்' என்றால் நூறு, 'ட்ரெவ்' என்றால் ஊர். நூறு ஊர்க் கணக்கு. எண்ணினால் நூறு வராது என்பது வேறு விஷயம். நம் கல்வெட்டுகளில் வரும் கூற்றம், நாடு என்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு பிரிவு: காட்டுக்கு மேல், காட்டுக்குக் கீழ். பெயரே அவ்வளவுதான், மேலூர் கீழூர் மாதிரி.

பிப்ரவரி 10, கொஞ்சம் கழித்து
என்னோடு வேலை பார்க்கும் வேல்ஸ்காரரிடம் 'அர்விஸ்ட்லி' என்றேன். சிரித்துவிட்டார். நடுவில் வருவது 'வி' இல்லையாம். 'அர்வஸ்ட்லி' என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரி. இனி அப்படியே எழுதுகிறேன். லான்டினத்தின் முதல் எழுத்தும் நம் 'ல' இல்லை. நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். 'ழ' சொல்லத் தெரியாதவர்களைக் கிண்டல் செய்து வளர்ந்தவன் நான். பத்து நிமிடம் மேசை மேல் எச்சில் தெறித்ததுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொன்னார். வேல்ஸ் மொழியில் 'க்விஸ்ட்ல்' என்றால் பணயம், பிணைக்கைதி. அர்வஸ்ட்லின் என்ற பழைய ஆள் பெயரிலிருந்து வந்த இடப்பெயர் இது, அந்தப் பெயருக்குள் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. பணயப் பூமி. இவ்வளவு பொருத்தமாக ஒரு பெயர் அமைந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், ஆனால் சொல் உண்மையான சொல்.

பிப்ரவரி 11
மேலே பெயரை 'அர்வஸ்ட்லின்' என்று தட்டியிருக்கிறேன். 'அர்வஸ்ட்ல்' என்று படிக்கவும்.

பிப்ரவரி 12
இந்தச் சண்டையின் வயது தெரிந்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். 1086இல், இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியமுக்காக எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. வட வேல்ஸை மன்னனிடம் வருடத்துக்கு 40 பவுண்டு குத்தகைக்கு எடுத்திருந்த ராபர்ட் என்ற நார்மன், ருத்லான்காரன், ஒரு புகார் வைக்கிறான்: அர்வஸ்ட்லி எனக்குச் சேர வேண்டியது, பொவிஸ் பக்கத்து ரோஜர் பிரபு வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழேயே, இந்த இடம் வட வேல்ஸைச் சேர்ந்தது என்று வேல்ஸ்காரர்கள் சாட்சி சொல்கிறார்கள் என்ற குறிப்பு.

கவனியுங்கள், தகராறு பண்ணுகிற இருவருமே நார்மன்கள். மண்ணைப் பிடித்துச் சில வருடம்தான் ஆகிறது. அதற்குள் க்வினெத் வேஷத்தில் ஒருவன், பொவிஸ் வேஷத்தில் ஒருவன் நின்று அதே பழைய வழக்கை நடத்துகிறார்கள். வீடு வாங்கினவனுக்கு வீட்டோடு வேலிச் சண்டையும் இலவசம்.

சாட்சி க்வினெத் பக்கம். என் கட்சிக்கு இன்னொரு ஓட்டு.

பிப்ரவரி 13
அந்த ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திருச்சபைச் சாட்சியையும்தான்.

ராத்திரி படுத்த பிறகு உறைத்தது. 1086இல் அர்வஸ்ட்லி ஏன் வட வேல்ஸ்? அதற்கு ஐந்து வருடம் முன்புவரை க்வினெத்தை ஆண்டவனே அர்வஸ்ட்லிக்காரன்! ட்ரஹயர்ன் ஆப் காரதோக், அதாவது காரதோக்கின் மகன். 1075இல் க்வினெத்தைப் பிடித்தான், 1081இல் மினித் கார்ன் போரில் செத்தான். க்வினெத் அர்வஸ்ட்லியைப் பிடிக்கவில்லை. அர்வஸ்ட்லி போய் க்வினெத்தைப் பிடித்தது. சின்ன வீட்டுக்காரன் பெரிய வீட்டில் குடியேறினான், பிறகு வந்தவர்கள் சின்ன வீடும் பெரிய வீட்டின் கொல்லைப்புறம் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

மறைமாவட்ட எல்லைகளும் அப்படித்தான். செயின்ட் அசாஃப் ஒழுங்கான மறைமாவட்டமாக நிலைபெற்றதே 1143இல். 12ஆம் நூற்றாண்டில் கோடு போட்டபோது யார் பேச்சு எடுபட்டதோ அந்தப்படி கோடு. என்னமோ ஆதிகாலத்து உரிமைப் பத்திரம் மாதிரி அன்று எழுதிவிட்டேன். அது ஒரு காலத்தின் புகைப்படம், அவ்வளவுதான்.

மினித் கார்னில் ட்ரஹயர்னைக் கொன்றவன் ஓர் அயர்லாந்து வீரன். வென்ற கிரிஃபித் ஆப் கானனின் வாழ்க்கை வரலாறு அதை விவரிக்கும் விதம்: பன்றியைக் கண்டம் போடுவது போலப் போட்டானாம். அந்தக் கையோடு கிரிஃபித் அர்வஸ்ட்லிக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தி, பெண்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனான். க்வினெத்தை ஆண்ட அவன் வம்சம்தான் பிறகு இருநூறு வருடம் இந்த இடத்தைத் தன் சொந்தம் என்றது.

பிப்ரவரி 16
அர்வஸ்ட்லிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நான் இதுவரை அவர்களை நிலத்தோடு சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆடு மாடு போல.

ட்ரஹயர்ன் செத்த பிறகும் அவன் வழியினர் நூறு வருடத்துக்கு மேல் அங்கே தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் ஹவெல் அப் யேயவ் எனக்குப் பிடித்த ஆள். 1162இல் நடந்ததைக் கேளுங்கள். க்வினெத்தின் ஓவைன் அப்போது வேல்ஸிலேயே பெரிய கை. அந்த வருடம் அவன் தாய் அங்ஹாரட் இறந்துபோனாள். துக்கத்திலிருந்து எழ முடியாமல் கிடந்தான் என்கிறது வேல்ஸ் இளவரசர்களின் ஆண்டேடு. அந்த நேரம் பார்த்து ஹவெல் தந்திரமாகத் தவோல்வெர்ன் கோட்டையைப் பிடித்துவிட்டான். துக்க வீட்டில் கொள்ளை. ஓவைனின் சோகம் இரட்டிப்பானது. ஏட்டை எழுதியவர் அவன் துயரத்துக்கு வரிக்கு வரி இடம் கொடுக்கிறார், தாய்க்கு அழுததா கோட்டைக்கு அழுததா என்று பிரிக்க முடியாதபடி.

பிறகு ஓவைன் படை திரட்டி லான்டினம் வரை வந்து கொள்ளையடித்துக்கொண்டு திரும்பினான். ஹவெல் சுமார் முந்நூறு பேரோடு செவெர்ன் கரை வரை துரத்திப் போனான். போயிருக்கக் கூடாது. ஓவைன் திரும்பி நின்று அடித்தான். மூன்றில் ஒரு பங்கு பேர்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். ஓவைனின் மனம் தேறியது என்று ஏடு சொல்கிறது. இருநூறு பேர் செத்ததில் ஒருவருக்கு மன அழுத்தம் நீங்கிற்று.

லான்டினம் ஏன்? அங்கேதான் அர்வஸ்ட்லியின் தாய்க்கோயில். ஊரின் மடியில் கைவைத்த மாதிரி.

ஹவெல் 1185இல் இறந்தான், ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடத்தில் புதைத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1197இல், பொவிஸின் க்வென்வின்வின் வந்து அர்வஸ்ட்லியை விழுங்கினான். தெளிவான பொவிஸ் ஆட்சி என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய முதல் ஆண்டு எனக்கு இதுதான். ஆக உங்கள் சிவப்பு 1197இல் தொடங்குகிறது. பச்சை 1081இல், கொள்ளையாக. அதற்கு முன்னும் நடுவிலும் மூன்றாவது நிறம் ஒன்று வேண்டும், அதை உங்கள் இரண்டு வரைபடக்காரர்களும் வாங்கவே இல்லை.

பிப்ரவரி 17
எத்தனை கிரிஃபித், எத்தனை லெவெலின் என்று திட்டாதீர்கள். நானும் திட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். இனிமேல் வேண்டியது இவர்கள் மட்டும். பெரிய லெவெலின்: க்வினெத், 1216இல் க்வென்வின்வினை விரட்டி, 1240இல் சாகும்வரை தெற்குப் பொவிஸை வைத்திருந்தவர். சின்ன லெவெலின்: அவர் பேரன், வேல்ஸின் கடைசி இளவரசன் என்று அஞ்சல் அட்டையில் வருபவர். டாவித்: சின்ன லெவெலினின் தம்பி, எந்த வருடம் எந்தப் பக்கம் என்று நாள்காட்டி பார்த்துத்தான் சொல்ல முடியும். கிரிஃபித் ஆப் க்வென்வின்வின்: பொவிஸ், விரட்டப்பட்டவரின் மகன். கீழே கிரிஃபித் என்றால் இவர்தான்.

பிப்ரவரி 21
கிரிஃபித்தை வில்லனாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். அவர் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். சின்ன வயதில் அப்பன் நாட்டைப் பறிகொடுத்து நாடுகடந்த இடத்தில் செத்துப்போனான். மகன் வயதுக்கு வந்தால் திருப்பித் தர வேண்டிய நிலத்தைப் பெரிய லெவெலின் தரவில்லை. 1241இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஹென்றி வாங்கிக் கொடுத்தான். 1257இல் சின்ன லெவெலின் மறுபடி பிடுங்கினான். 1263இல் போய் லெவெலினுக்கு மண்டியிட்டுத் தன் நிலத்தையே அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு விசுவாசம் எதிர்பார்த்தால் யார் முட்டாள்?

1274. பிப்ரவரி 2ஆம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாள் இரவு. கிரிஃபித்தின் மகன் ஓவைன் ஆயுதக்காரர்களோடு போய் லெவெலினைக் கொல்வதாகத் திட்டம். தம்பி டாவித்தும் கூட்டு. அண்ணன் போனால் டாவித் இளவரசன், அவன் மூத்த மகளை ஓவைனுக்குக் கட்டிக் கொடுப்பது, கூடவே பக்கத்துக் கெரி, கெடெவைன் பகுதிகள் சீர். பனிப்புயல் வந்து கெடுத்தது.

ஏப்ரலில் விசாரணை. முழுக்கதை அப்போது வெளிவரவில்லை, ஏதோ துரோகம் என்ற அளவில்தான். தண்டனையாக அர்வஸ்ட்லி பறிபோனது. ஓவைன் பணயமாக லெவெலினிடம். பிறகு அந்தப் பையன் பாங்கர் ஆயரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லெவெலின் விளக்கம் கேட்டு வெல்ஷ்பூலுக்குத் தூதர்களை அனுப்பினான். கிரிஃபித் முகம் மலர வரவேற்றார், கோட்டைக்குள் அழைத்துப் போய் வயிறார விருந்து வைத்தார். அன்று இரவே எல்லை தாண்டி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்குக் கம்பி நீட்டினார், போகும்போது தூதர்களைச் சிறையில் போடச் சொல்லிவிட்டு. அந்த விருந்தில் என்ன பரிமாறியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் யோசனை ஓடுகிறது.

பிப்ரவரி 22
9ஆம் தேதி எழுதியதில் திருத்தம். 1273 சிவப்பு என்றேன். வைத்திருந்தவர் கிரிஃபித், சரி. ஆனால் 1263 முதல் அவர் லெவெலினுக்குக் கீழே வைத்திருந்தார். 1267 மான்ட்கமரி உடன்படிக்கையில் இங்கிலாந்து மன்னனே லெவெலினை வேல்ஸ் இளவரசன் என்று ஒத்துக்கொண்டான். ஆகவே உள்ளே சிவப்பு, கரை பச்சை. புடவைக்குத்தான் இப்படி நிறம் சொல்வார்கள்.

மார்ச் 1
இப்போது வழக்கு. இதற்காகத்தான் இத்தனை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1277இல் இங்கிலாந்தின் எட்வர்டு மன்னன் படையெடுத்து லெவெலினை மடக்கினான். கிரிஃபித் தன் இடங்களுக்குத் திரும்பினார், அர்வஸ்ட்லி உட்பட. நவம்பரில் அபெர்கான்வி உடன்படிக்கை. அதில் ஒரு வாசகம்: இங்கிலாந்து எல்லைப் பிரபுக்களின் பகுதியில் எழும் வழக்குகள் எல்லைப் பகுதிச் சட்டப்படி, வேல்ஸில் எழும் வழக்குகள் வேல்ஸ் சட்டப்படி. படித்தால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

லெவெலின் உடனே வழக்குப் போட்டான்: அர்வஸ்ட்லி என்னுடையது, இது வேல்ஸ், ஆகவே ஹவெல் சட்டப்படி, அதாவது வேல்ஸ் சட்டப்படி விசாரியுங்கள் (இது வேறு ஹவெல்). கிரிஃபித் சொன்னார்: நான் மன்னரின் நேரடிப் பிரபு, இங்கிலாந்துப் பொதுச் சட்டப்படிதான் பதில் சொல்வேன், ரிட் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். அர்வஸ்ட்லி வேல்ஸா, எல்லைப் பகுதியா? வேல்ஸ் என்றால் வேல்ஸ் சட்டம். எல்லை என்றால் வேறு. ஆனால் அது எது என்பதுதானே இருநூறு வருடத் தகராறு! எந்தச் சட்டப்படி விசாரிப்பது என்று முடிவு செய்தாலே தீர்ப்பில் பாதி சொன்ன மாதிரி.

1278 ஜனவரியில் வால்டர் டி ஹாப்டன் தலைமையில் ஆணையம் போட்டான் எட்வர்டு. விசாரணை, ஒத்திவைப்பு, மன்னரிடம் கேட்க வேண்டும், ஒத்திவைப்பு. 1279இல் லெவெலின் தரப்பு வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. மன்னரின் ஆட்சிக்குக் கீழே ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் சட்டம் இருக்கிறது. காஸ்கனிக்காரர்களுக்குக் காஸ்கனியில், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஸ்காட்லாந்தில், அயர்லாந்தில் அயர்லாந்துக்காரர்களுக்கு. இதனால் மன்னரின் மகுடம் பெருமைப்படுகிறதே தவிரக் குறையவில்லை. எனக்கு மட்டும் ஏன் இல்லை? மண் கேட்டு வந்தவன் மூன்றாவது வாய்தாவில் ஒரு மக்களின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

1280 டிசம்பரில் இன்னோர் ஆணையம். செயின்ட் டேவிட்ஸ் ஆயர் தாமஸ் பெக், ரெஜினால்டு டி கிரே, மறுபடி ஹாப்டன். ஓஸ்வெஸ்ட்ரி, மான்ட்கமரி என்று ஊர் ஊராகப் போய், இங்கே முன்பு எந்தச் சட்டம் நடந்தது என்று சாட்சி வாங்கினார்கள். அர்வஸ்ட்லி யாருடையது என்ற கேள்வியை யாரும் தொடவே இல்லை. கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

மார்ச் 2
எங்கள் அப்பா ஒரு நடைபாதை வழக்குக்குப் பதினொரு வருடம் அலைந்தார். 'இது இங்கே வராது, அங்கே போங்கள்', அங்கே போனால் 'இங்கே எப்படி வரும்?' பாதை எட்டடி அகலம். எதிர்க்கட்சிக்காரர் வழக்கை ஜெயிக்க முயலவே இல்லை, வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். அதனால்தான் கிரிஃபித்தின் வக்கீல் தந்திரத்தைப் படித்தபோது எனக்குப் பழைய கட்டுக் காகித வாசனை வந்தது.

மார்ச் 4
ஹவெல் சட்டம் என்றால் என்ன என்று கேட்டவருக்கு. 10ஆம் நூற்றாண்டின் ஹவெல் தா, 'நல்ல ஹவெல்', பெயரில் வழங்கிய சட்டத் தொகுப்பு. கையில் இருக்கும் ஏடுகள் 13ஆம் நூற்றாண்டிலும் அதற்கு அப்புறமும் எழுதியவை.

அதில் நில வழக்கு நடக்கும் விதத்தை ஒருமுறை படித்துவிட்டால் மறக்க முடியாது. மன்றம் கூடுவது தகராறில் இருக்கும் நிலத்தின் மேலேயே. அரசனோ அவன் ஆளோ வெயிலுக்கு அல்லது காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காக. அவனுக்கு எதிரே நீதிபதி. இரு தரப்பும் அவரவர் இடத்தில், ஆட்களோடு. வருடம் முழுக்க நடக்காது. நவம்பர் 9 முதல் பிப்ரவரி 9 வரை ஒரு பருவம், மே 9 முதல் ஆகஸ்ட் 9 வரை இன்னொன்று. இடையில் மூடிவிடுவார்கள். வசந்தத்தில் உழ வேண்டும், அப்புறம் அறுக்க வேண்டும். வழக்குக்காக விவசாயம் நிற்கக் கூடாது.

அர்வஸ்ட்லி வழக்கை அப்படி நடத்தியிருந்தால்? லான்டினத்துக்குப் பக்கத்தில் செவெர்ன் கரைப் புல்வெளி, டிசம்பர் மாதம், எட்வர்டின் ஆணையர்கள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பாவம் ஹாப்டன்.

கான்டர்பரி பேராயர் பெக்கம் இந்தச் சட்டம் பத்துக் கட்டளைகளுக்கே விரோதம் என்று லெவெலினுக்கு எழுதினார். கொலைக்கும் களவுக்கும் நஷ்டஈடு கட்டிவிட்டுப் போகலாம் என்ற ஏற்பாடு அவருக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 5
நேற்று கொஞ்சம் உருகிவிட்டேன். எதிர்வாதம் ஒன்று என்னையே குடைகிறது.

ஹவெல் சட்டத்தின் நிலப் பகுதி பங்காளிகளின் நிலத்துக்கானது. தாத்தா நிலத்தை மகன்களும் பேரன்களும் எப்படிப் பிரிப்பது, வெளியூர் போனவன் திரும்பிவந்து எப்படிக் கேட்பது. ஓர் அரசன் இன்னோர் அரசனின் நாட்டையே கேட்பதற்கு அது பொருந்துமா? லெவெலினுக்கு அர்வஸ்ட்லி மேல் இருந்த பிடிப்பு என்ன? தாத்தா இருபத்துநான்கு வருடம் வைத்திருந்தார், தான் இரண்டு தடவை சில வருடம் வைத்திருந்தான், மீதியெல்லாம் சண்டை. சொத்துரிமையில் கேஸ் மெலிசு. அதனால்தானோ என்னவோ அவனும் மண்ணைவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். எதிர்க்கட்சிக்காரர் செய்ததைத்தான் இவனும் செய்தான். ஆணையத்தின் முன் வந்த வேல்ஸ் சாட்சிகளிலேயே சிலர் இங்கிலாந்துச் சட்டமே தேவலை என்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான்கு வருடம் இழுத்தது எட்வர்டுதான். அதில் என் எண்ணம் மாறவில்லை.

மார்ச் 15
போய்ப் பார்த்துவிட்டேன். பர்மிங்ஹாமிலிருந்து அபெரிஸ்ட்வித் போகும் ரயில் கயர்சூஸில் நிற்கும். நிற்கும் என்று சொன்னார்கள், நிற்பதற்குள் கதவருகே போகவில்லை என்றால் நீங்கள் கடற்கரைக்குப் போய்விடுவீர்கள். லானிட்லோய்ஸுக்கு இப்போது ரயில் கிடையாது, 1962இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து பேருந்து. லான்டினம் வழியாகத்தான் போனது, 1162இல் க்வினெத்தின் ஓவைன் கொள்ளையடித்த லான்டினம். பத்து வினாடியில் கடந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆடுகள், ஈரம், ஒரு மனிதர் கூட இல்லை.

லானிட்லோய்ஸ் நாற்சந்தியில் கட்டையால் கட்டிய பழைய சந்தை மண்டபம், சுமார் 1600ஆம் ஆண்டுக் கட்டடம். கீழே தூண்களுக்கு நடுவே கூழாங்கல் தரை, மேலே அறை. மழைக்கு ஒதுங்கினேன். மரத் தூண்கள் நேராக இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நானூறு வருடமாகப் பேசிக்கொண்டிருப்பது போல.

அப்புறம் இட்லோய்ஸ் தேவாலயம். இதற்காகவே போக வேண்டும். உள்ளே ஐந்து கல் வளைவுகள். தூண் ஒவ்வொன்றும் மெல்லிய தூண்களைக் கட்டாகக் கட்டியது போல, உச்சியில் சுருண்ட இலைகள். சின்ன ஊர்க் கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கம்பீரம். காரணம், அவை இந்த ஊருடையவை அல்ல. மலைக்கு அப்பால் இருந்த கும்ஹிர் மடத்தை எட்டாம் ஹென்றி காலத்தில் கலைத்தபோது பெயர்த்துக் கொண்டுவந்தவை. கூரை மரத்தில் 1542 என்று செதுக்கியிருக்கிறது. ஒரு தூணின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். கல் சில்லென்று இருந்தது, ஒரு பக்கம் மட்டும் உடைந்து சொரசொரப்பாக, வண்டியில் ஏற்றும்போது இடித்திருக்கும்.

கும்ஹிர் மடம் எது தெரிகிறதா? 1282இல் தலையில்லாத லெவெலினின் உடலைப் புதைத்த இடம் என்று சொல்வது அதைத்தான். சட்டத்தால் கிடைக்காத அர்வஸ்ட்லிக்கு அவன் கல்லறைக்கு மேலிருந்த தூண்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்திருக்கின்றன. நான் எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.

மார்ச் 16
திரும்பும் வழியில் வெல்ஷ்பூலில் இறங்கினேன். கிரிஃபித் குடும்பத்தின் ஊர். அவர் மகன் ஓவைன், பின்னாளில் 'டி லா போல்', அதாவது பூல் ஊர்க்காரர், என்று இங்கிலாந்துப் பிரபுவாகவே பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பம் தொடங்கிய கோட்டைதான் இன்றைய பொவிஸ் கோட்டை. உள்ளே போனால் திப்பு சுல்தானின் கூடாரம்! பூப்போட்ட சீட்டித் துணி. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அவர்தான் பதவியில். மனைவி ஹென்ரியெட்டா பொவிஸ் பிரபுவின் மகள். அப்படி வந்து சேர்ந்த சாமான்கள். கூடாரத்தைத் தோட்ட விருந்துகளுக்குப் பயன்படுத்தினார்களாம். விருந்து வைப்பதில் அந்த ஊருக்கு ஒரு மரபு இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை.

தலைப்புக்குத் திரும்புவோம்.

மார்ச் 21
தேதி பார்த்தீர்களா. 1282இல் இதே இரவு, குருத்து ஞாயிறுக்கு முந்தின இரவு, டாவித் ஹவார்டன் கோட்டையைத் தாக்கினான். அண்ணனைக் கொல்லச் சதி செய்தவன், எட்வர்டு பக்கம் போய் நிலம் வாங்கினவன், இப்போது எட்வர்டுக்கு எதிராக. அவனுக்கும் நீதிமன்றக் கோபம்தான்: அவன் நிலம் பற்றிய வழக்கைச் செஸ்டரில் இங்கிலாந்துச் சட்டப்படி இழுத்தார்கள். அண்ணன் பின்னாலேயே போரில் சேர்ந்தான். இலையுதிர் காலத்தில் பேராயர் பெக்கம் சமரசம் பேச வந்தபோது லெவெலின் கொடுத்த குறைப் பட்டியலில் அர்வஸ்ட்லி முன்வரிசையிலேயே இருக்கிறது.

டிசம்பர் 11இல் பில்த் அருகே லெவெலின் கொல்லப்பட்டான். எதிர்ப்படையில் கிரிஃபித்தும் அவர் ஆட்களும் இருந்தார்கள். அடுத்த அக்டோபரில் டாவித்துக்கு ஷ்ரூஸ்பரியில் கொடூர மரண தண்டனை. கிரிஃபித் 1286வரை உயிரோடிருந்து இறந்தார், அர்வஸ்ட்லி அவர் கையில்.

மறைமாவட்டம் மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் லான்டினத்துக்காரரின் ஆயர் பாங்கரில்தான்.

மார்ச் 23
கேள்வி கேட்டவருக்கு நானே ஒரு படம் போட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டிருந்தேன். ஒரே படத்தில் அடங்கவில்லை, ஆறு சின்னப் படங்கள்: 1086, 1162, 1197, 1263, 1275, 1280. 1162க்கு மஞ்சள் அடித்திருக்கிறேன், அது ஹவெலுக்கு. 1263க்குச் சிவப்பு, பச்சைக் கரை. 1280க்குச் சிவப்பின் மேல் கோடு கோடாக விட்டிருக்கிறேன், வழக்கு நிலுவையில் இருப்பதால். கயர்சூஸ் பெயரும் லான்டினம் பெயரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, எழுத்தைச் சின்னதாக்கி நாளை மறுபடி ஏற்றுகிறேன்.